பூட்டை விட்ட நேரம்

லிஃப்டில் ஏறும் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் அறை இத்தனை உயரத்தில் இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பியிருப்பேன். மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, பதறிப்போயிருக்கிறான் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். இது படிக்கட்டால் வந்தது. பயம் வேறு. அது எனக்கு எப்போதும் இருப்பது.

அலுவலகத்தில் எனக்கு 'சீட்பெல்ட்' என்று பெயர். நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்தால்கூட பெல்ட்டைப் போட்டுக்கொள்வேன் என்பதால் வந்தது. வீட்டிலும் கேலிதான். என் மாமியார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்: "மாப்பிள்ளை வந்திருக்காரு, அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு எழுந்துபோய் கேஸ் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து உட்காருவேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார். நல்ல மனுஷி.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அது புரியாவிட்டால் நான் செய்ததும் புரியாது. தானாக மூச்சு விட முடியாத நோயாளிகளுக்குப் பொருத்தும் வெண்டிலேட்டரை எங்கள் நிறுவனம் செய்கிறது. அதற்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அந்தக் கணினியின் அடித்தளமான கெர்னல்தான் என் பொறுப்பு. ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல், கணினியின் மெமரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும். வேலை முடிந்த பகுதியை நிரல் திருப்பிக் கொடுத்துவிடும். இந்தப் பகுதிகளில் எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போக ஒரு காவல் நிரல் உண்டு. அது போகும் முறைக்கு இட்டரேட்டர் என்று பெயர். எங்களுக்குள் 'நடை' என்போம்.

நடக்கும்போது ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு இருக்கும்வரை யாரும் எந்தப் பகுதியையும் எடுத்துப் போக முடியாது. ஆனால் வெண்டிலேட்டரில் ரொம்ப நேரம் பூட்டி வைக்கவும் முடியாது, மூச்சு காத்திருக்காது. அதனால் பழைய நடை வழியில் பூட்டைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பிறகு மறுபடி போட்டுக்கொள்ளும். விடும்போதும், அடுத்த பகுதிக்கான இணைப்பைக் கையிலேயே வைத்திருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் அடுத்த பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டால், காவல் நிரல் இல்லாத இடத்தில் காலை வைக்கும். கெர்னல் அப்படியே உறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் ஒரு புது நடையை வடிவமைத்தேன். பூட்டை விடும் முன் இணைப்பைக் கீழே போட்டுவிட வேண்டும். எதுவரை வந்தோம் என்ற முகவரியை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மறுபடி பூட்டியதும், இந்த முகவரிக்குப் பிறகு இப்போது என்ன இருக்கிறது என்று புதிதாகக் கேட்க வேண்டும். இருந்ததில் ஒன்று போயிருந்தால் போகட்டும், அதற்கு அடுத்தது கிடைக்கும். மறதியில் யாராவது பழைய இணைப்பைத் தொட்டு எழுதினால் அந்த நிரலைக் கணினி ஏற்கவே ஏற்காது, அப்படியும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அழகான காரியம் அதுதான்.

பழைய நடையை எழுதியவன் என் மனைவியின் தம்பி. அவன்தான் எனக்கு இந்த வேலையே வாங்கிக் கொடுத்தான். கெட்டிக்காரன், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன். நான் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்தான்.

"மச்சான், உங்க கோட் ரொம்ப அழகா இருக்கு. ஆனா மெதுவா ஓடுது. இதுக்காக எல்லா மெஷினையும் மறுபடி பரிசோதனைக்கு அனுப்பணும். நடக்கவே நடக்காத ஒண்ணுக்காகவா?"

என் மேஜையில் இருந்த கருவியில் காவல் நிரலை இடைவிடாமல் நடக்க விட்டேன். தேநீர் ஆறுவதற்குள் கருவி உறைந்தது. தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமான அம்மா அவர்.

"இது நீங்களா வரவழைச்சது. அது பாட்டுக்கு அப்பப்ப நடக்கறப்போ இப்படி ஆகாது. ஆஸ்பத்திரியில ஒரு தடவை நடந்ததைக் காட்டுங்க, மறுநாளே மாத்திடறேன்."

அவர் சொன்னது தவறில்லை. ஆதாரம் இல்லாமல் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். ஆனால் அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. குளிக்கும்போது, சாலையைக் கடக்கும்போது, ஆஸ்பத்திரியில ஒரு தடவை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். வீட்டில், வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்கு நுரையீரலில் கிருமித் தொற்று வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, எங்கள் கருவியைத்தான் பொருத்தினார்கள். என் மச்சினனுக்கு அதில் ஒரு பெருமைகூட. அம்மா மூச்சு விடுறது என் கோட்லதான் என்று நர்ஸிடம் சொன்னான். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரார் வீட்டுப் பிள்ளையை நான் தேடிப் போகவில்லை. அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. முன்பின் தெரியாத ஒருவருடைய உயிரை எடுத்து வைத்து நியாயம் பேச நாம் யார்? என் வீட்டிலிருந்துதான் ஒன்றைக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் மாமியார் தேறிக்கொண்டு வந்தார். தொண்டையில் இருந்த குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் என் மனைவி தாழ்வாரத்தில் நின்று அழுதாள், சந்தோஷத்தில். குழாயை எடுத்துவிட்டால் இந்தக் கருவி வேறு யாருடைய கட்டிலுக்கோ போய்விடும்.

மறுநாள் பகல், பார்வையாளர் நேரம். ஒருவர் மட்டும்தான் உள்ளே போகலாம். மச்சினன், "நீங்க போங்க மச்சான், நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றான். உள்ளே போனேன். பராமரிப்புத் திரைக்கு எங்கள் ஆட்களிடம் கடவுச்சொல் உண்டு. காவல் நிரலை இடைவிடாமல் நடக்கும்படி மாற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் மார்பு எழும்போது, இன்னும் ஆகவில்லை என்று நினைப்பேன். தாழும்போது, இது கடைசியோ என்று நினைப்பேன். எழுந்து மாற்றிவிடலாம் என்றும் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. கால் வரவில்லை. அவர் விழித்திருந்தார். குழாய் இருந்ததால் பேச முடியாது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்த என் கையின்மேல் தன் கையை வைத்துத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு திரை உறைந்தது.

அலாரம் அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அதற்குத் தனிச் சில்லு. கெர்னல் உறைந்தாலும் அடிக்கும், அவ்வளவு மோசமாக நாங்கள் கருவி செய்யவில்லை. அடித்தது. அதைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் பொத்தான் என் பக்கம்தான் இருந்தது. நர்ஸ், அறையின் கோடியில் வேறு ஒரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தியதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஏதாவது ஒன்று அடித்து அடங்குகிற இடம் அது.

கட்டிலின் தலைமாட்டில் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும், நிறுவனத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கருவி நின்றதும் பையை எடுத்துக்கொள்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாமியார் பிழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கருவி ஒரு தடவை நின்றது, பக்கத்தில் ஆள் இருந்தார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம். அத்தனையும் வீணாகியிருக்கும்.

அவர் பயப்படவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இங்கேதானே நிற்கிறார், பார்த்துக்கொள்வார் என்பது போல. அந்த அறையில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கத்தி நர்ஸைக் கூப்பிட்டேன். கருவியை அணைத்துப் போட்டபோது என் மாற்றமும் அழிந்து பழையபடி ஆகிவிட்டது. அதன் வயிற்றில் மிஞ்சியது உறைந்த கெர்னலின் பதிவும், இல்லாத பகுதிக்கான அந்த இணைப்பும்தான். மச்சினன் அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டான். ஆய்வகத் தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மாவை நான் கொன்னுட்டேன் மச்சான். நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே."

"உன் மேல தப்பில்லடா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். நான் பொய் சொல்லவில்லை.

புது நடை எல்லா வெண்டிலேட்டருக்கும் போய்விட்டது. தலைமைப் பொறியாளர் கூட்டத்தில் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். 'சீட்பெல்ட்' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மச்சினன் வேலையை விட்டுவிட்டான். சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை. என் மனைவி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். காலப்போக்கில் சரியாகும்.

நான் வந்தது இதைச் சொல்ல மட்டுமல்ல. நரம்பில் மருந்து செலுத்தும் பம்பையும் எங்கள் நிறுவனம்தான் செய்கிறது. அதில் இன்னும் பழைய நடைதான் ஓடுகிறது. போன வாரம்தான் பார்த்தேன், அன்றிலிருந்து கண் மூடவில்லை. தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "பம்ப்ல இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே" என்றார்.

என் மனைவிக்கு வியாழக்கிழமை ஒரு சின்ன அறுவை சிகிச்சை. முடிந்ததும் இரண்டு நாள் அந்தப் பம்பில்தான் மருந்து ஏறும். நீங்கள் ஒரு உத்தரவு போட்டால் அதற்குள் மாற்றிவிடுவார்கள். முடியாது என்றால் வியாழக்கிழமை மட்டும் என்னை வெளியே விடுங்கள். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள்.