ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள்

என் அறையில் உள்ள இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம். ஆலோசனைக்கு வருகிறவர் என்னை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதற்காக, என் நாற்காலியின் கால்களை நானே அறுத்துக் குறைத்தேன். டிஷ்யூ பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நான் எடுத்துத் தர மாட்டேன். எப்போது கண்ணைத் துடைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் நான் புத்தி சொன்னதில்லை. தனக்கு எது நல்லது என்று வருகிறவருக்கே தெரியும், நாம் காது கொடுத்தால் போதும் என்பது எங்கள் முறை. அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல்வேன். தன் வார்த்தையை அடுத்தவர் வாயால் கேட்கும்போது மனிதருக்கு ஒரு தெளிவு வரும். என்னை விட்டுப் போன மனைவிக்கு இது பிடிக்காது. "உப்பு எங்கன்னு கேட்டா, உப்பு தேவைப்படுதுன்னு தோணுதாங்கறீங்க. உங்களோட குடும்பம் நடத்துறதுக்குச் செவுத்தோட நடத்தலாம்" என்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நீங்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்த தையல்காரரைப் பற்றி விசாரிக்க வந்தீர்கள். அவரே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் நானும் சொல்லலாம். வியாழன்தோறும் மதியம் வருவார். சட்டையில் எப்போதும் நூல் ஒட்டியிருக்கும். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை ஏழு வருடமாக அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, கடைக்கு ஓடி, மறுபடி வீட்டுக்கு ஓடி வருவார்.

"சில நேரம் கதவைப் பூட்டிட்டு மூணு நாள் எங்கயாச்சும் போயிடலாம்னு தோணுது சார். ஆனா பெத்தவளாச்சே, மனசு கேக்கல" என்றார் ஒரு நாள்.

அதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. நான் முதலாவதை மட்டும் திருப்பிச் சொன்னேன்.

"மூணு நாள் எங்கயாச்சும் போயிடலாம்னு தோணுது."

வாய் தவறிச் சொன்னதல்ல. அலுப்பாக இருந்தது. அந்த இரண்டாவது வாக்கியத்தை நானும் நாலு வருடமாக என் வீட்டில் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அடுத்த வியாழனும் அவர் இரண்டையும் சொன்னார், நான் முதலாவதையே சொன்னேன். பதினோரு வாரம் கழித்து அவரும் இரண்டாவதைச் சொல்வதை விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. வயதான உடம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். அவராகவே டிஷ்யூ எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து எட்டு மணி நேரம் தூங்கினேன் சார்" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டுக்குப் போனதும் மூன்று நாள் விடுப்பு என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். என் அப்பா வாதத்தில் விழுந்தவர். கை கால் வராது, பேச்சு மட்டும் தெளிவு. தையல்காரரைப் போல நான் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டில் உயரத்துக்குச் சரியாக ஒரு முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"தம்பி, தண்ணி வேணும்பா" என்றார்.

"உங்களுக்குத் தண்ணி வேணும்னு தோணுது" என்றேன்.

எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். நானும் அதே வார்த்தையை, அதே கனிவோடு சொன்னேன். தண்ணீர் பாட்டில் ஜன்னலோரம் இருந்தது. நான் எடுத்துத் தரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தங்கை போன் செய்தாள். "அப்பா எப்படிண்ணா இருக்காரு?"

"பேசிக்கிட்டே இருக்காரு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதாண்ணா நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்று அழுதாள். நான் அவளிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவை நான் அவசரப்படுத்தவில்லை, குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் இரவுவரை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அது அவராகவே எடுத்த முடிவு.