எனக்காகவே வந்த பாம்புகள்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மருந்துக்கடைச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதும் நிறைத்திருக்கும் மூத்தோரே! கடையையும் வீட்டையும் ஒரே கையால் கட்டி ஆளும் தாய்மார்களே! கைபேசியைக் குனிந்து பார்த்தபடியே எனக்குக் கைதட்டும் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நானும் என் அக்காவும் சேர்ந்து மருந்துக்கடை நடத்துகிறோம். ஒருநாள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் பாம்பு என்றொரு செய்தியைத் தெரியாத்தனமாகத் தொட்டுவிட்டேன். தொட்டது ஒரு தடவை, தோழர்களே! அன்றிலிருந்து என் செய்திச் செயலியில் 'உங்களுக்காகவே' என்ற பக்கம் முழுக்கப் பாம்பு. கட்டிலில் பாம்பு, காரில் பாம்பு, கழிவறையில் பாம்பு! அங்கே யாரது சிரிப்பது? உங்கள் கைபேசியைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்!

அக்காவிடம் இருந்ததோ ஆர்எஸ்எஸ் ஃபீட் ரீடர்; நாம் சேர்க்கும் தளங்களின் புது அறிவிப்புகளை மட்டும் ஒரே இடத்தில் தரும் செயலி. அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பன்னிரண்டு தளங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் அதில் முதலிடம். வந்தது வந்தபடி, தேதி வாரியாக, படிக்கும்வரை காத்திருக்கும்.

"என்னக்கா, இன்னும் இந்தப் பழைய டப்பாவா? ஒரு படம்கூட இல்லையே!"

"படம் பாக்கவா கடை தொறந்திருக்கோம்? போய் வேலையப் பாருடா."

அக்கா இரண்டு நாள் உறவினர் திருமணத்துக்குப் போனார். கடையில் நான் ராஜா! மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வந்தவர், முக்காலியில் அமர்ந்து ரீடரைத் திறந்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்த இருமல் மருந்த விக்கக்கூடாதுன்னு முந்தாநாளே அறிவிப்பு வந்திருக்கு. யாருக்காவது குடுத்தியா?"

"எதிர்த்தெரு டெய்லருக்கு. காலையிலதான்... அவரு பொண்ணுக்கு."

அக்கா ஓடினார். ஒற்றைச் செருப்போடு நானும் பின்னால் ஓடினேன். துணி வெட்டும் மேசைமேல் நான்கு வயதுக் குழந்தை, இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. எதிரே அளவுமூடியில் மருந்தை ஊற்றிக்கொண்டு அப்பா.

"குடுக்காதீங்க!" என்று கத்தினேன்.

"காலையில குடுத்ததையும் துப்பிட்டா சார். ஒரு சொட்டு உள்ள போகல. என்ன விஷயம்?"

அக்கா சொன்னார். அந்த மனிதர் மூடியை மெதுவாகக் கீழே வைத்தார். குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"முந்தாநாளே வந்துச்சுன்னா, நீங்க பாக்கலையா சார்?"

நான் என்ன சொல்வது? பாம்பு பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

பெரியோரே! என் விருப்பத்தைக் கணித்த அந்தச் செயலிக்கு என் தொழில் தெரியுமா? என் தெரு தெரியுமா? இருமும் பிள்ளை ஒருத்தி இருப்பது தெரியுமா? அதற்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே! தெரிந்திருந்தும், தேடிப் படிக்க வேண்டியதை, ஊட்டிவிடட்டும் என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேனே! பிள்ளை வாயை மூடினாள், பிழைத்தாள். திறந்து வைத்திருந்தவன் நான்!

கைதட்ட வேண்டாம். அந்தக் கை கைபேசிக்குப் போகட்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஃபீட் முகவரியை வாசலில் எழுதி வைத்து, அக்கா மேசை போட்டு அமர்ந்திருக்கிறார். அதைச் சேர்க்காமல் யாரும் வெளியே போக முடியாது. அவரைத் தாண்டிப் போனவர் எவரும் இல்லை. பொறுமையாகக் கேட்டமைக்கு நன்றி. வாசலில் சந்திப்போம், வணக்கம்!