படித்தேன், சம்மதம்

தலைமை ஏற்ற நாற்காலி ஒரு கால் குட்டையாக ஆடினாலும் தாம் ஆடாமல் அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட பெருந்தகையே. எட்டரைக்குக் கதவு சாத்தப்படும் என்று அறிவித்துவிட்டு எட்டு இருபத்தொன்பதுக்கே சாத்திவிடும் கண்டிப்பின் சிகரமே, தலைமையாசிரியை அம்மையாரே. சுண்ணத்தூளைச் சுவாசித்தே சுடர்விடும் ஆசிரியப் பெருமக்களே. கைப்பையை வைத்தே முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே. பின்சுவரில் சாய்ந்து, இது எப்போது முடியும் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் தந்தைமார்களே. மேடைத் துணிக்கு அடியில் ஒளிந்திருப்பது எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் இரண்டாம் வகுப்புச் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும் இந்தத் தொடக்கப்பள்ளியின் அலுவலக எழுத்தன் தலைதாழ்ந்து வணங்குகிறேன்.

ஆண்டிறுதிச் செய்திகளையும் நினைவூட்டல்களையும் வாசிக்க எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடனத்துக்கு நாற்பது நிமிடம், நாடகத்துக்கு இருபது நிமிடம், நினைவூட்டலுக்கு ஏழு. நாட்டுக்கு எது தேவை என்பது நிகழ்ச்சி நிரல் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் எழுத்து உங்கள் இல்லந்தோறும் வந்திருக்கிறது. வாரம் ஒரு அறிவிப்பு, ஆண்டுக்கு முப்பத்து நான்கு அறிவிப்பு, இருநூற்றுப் பதினோரு வீடு. காவியம் படைத்தவர்களுக்கும் கிடைக்காத வாசகர் கூட்டம் எனக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் ஒருவராவது, ஒரே ஒருவராவது, "அந்த ரெண்டாவது பத்தி நல்லா இருந்துச்சு சார்" என்று சொன்னதுண்டா? பேன் பரவுவதைப் பற்றி நான் எழுதிய பதினேழாம் அறிவிப்பு எத்தனை உருக்கமானது. அது எந்த நெஞ்சையாவது தொட்டதா? தலையைக்கூடத் தொடவில்லை என்பதைப் பதினெட்டாம் அறிவிப்பு எழுத நேர்ந்தபோது தெரிந்துகொண்டேன்.

போகட்டும். நினைவூட்டலுக்கு வருகிறேன். நூலகப் புத்தகங்களை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். நாய் கடித்த புத்தகமானாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். நாயைக் கொண்டு வர வேண்டாம். போன ஆண்டு சாட்சிக்கென்று கூட்டி வந்தார்கள்.

தொலைந்த பொருள் பெட்டியில் இருப்பவை: தண்ணீர் பாட்டில் மூடி பத்தொன்பது, பாட்டில் ஒன்றும் இல்லை. காலணி நான்கு, நான்கும் இடது கால். காகிதத்தில் மடித்த பால்பல் ஒன்று. பல்லுக்கு உரியவர் அலுவலகத்தில் வாயைத் திறந்து காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

பள்ளி மீண்டும் திறக்கும் நாள் அடுத்த மாதத்தின் முதல் திங்கள்கிழமை. காலை எட்டரை மணி. என்னங்க, அங்கே மூன்றாவது வரிசை? திங்களா செவ்வாயா என்றா கேட்கிறீர்கள்? இப்போதுதான் சொன்னேன், காற்றில் இன்னும் கலையக்கூட இல்லை. திங்கள். திங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள், அவர் தூங்குகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். "சார், லீவு என்னைக்கு விடுறாங்க?" "அறிவிப்புல இருக்குங்க." "அதைத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே சார்." "அனுப்பறதுக்கு முன்னால படிச்சிருக்கலாமே." அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அதுல படிக்கிற மாதிரி ஏதாவது இருந்துச்சா சார்?"

அவரை நான் நொந்துகொள்ள மாட்டேன். அந்தக் குற்றத்தின் கர்த்தா யார்? உங்கள் முன் கைகட்டி நிற்கும் இந்தக் கனவான்தான். நம் அறிவிப்பின் அடியில் ஒரு புள்ளிக்கோடு. கோட்டுக்குக் கீழே கிழித்துத் தர ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் இரண்டே சொல்: படித்தேன், சம்மதம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சீட்டுகள் திரும்பி வரவே இல்லை. உடனே எனக்கு ஞானம் பிறந்தது. எந்த வகுப்பு எல்லாச் சீட்டையும் முதலில் தருகிறதோ, அந்த வகுப்பின் வாசலில் மஞ்சள் கொடி பறக்கும் என்று அறிவித்தேன். அன்று தொடங்கியது ஓட்டம்.

அட, அந்த ஓட்டத்தை என்ன சொல்ல. பள்ளி வாசலில், வண்டி இருக்கையின் மேல், பிள்ளையின் முதுகின் மேல், முன்னால் நிற்கும் முன்பின் தெரியாதவர் முதுகின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். "அம்மா, போடும்மா, நம்ம கிளாஸ்ல நான் மட்டும்தான் பாக்கி" என்று பிள்ளைகள் அழுதார்கள். ஒரு சீட்டில் கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று விசாரித்தேன். முடிதிருத்துபவர் போட்டிருக்கிறார். தந்தை கழுத்து வரை துணி போர்த்தி, முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தாராம். "அவரே தலையாட்டினாருங்க" என்றார் முடிதிருத்துபவர். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார்தான் சம்மதிக்க மாட்டார்கள்? அந்தச் சீட்டையும் ஏற்றுக்கொண்டேன். கொடி பறந்தது.

தலைமையாசிரியை அம்மா, ஏழு நிமிடம் ஆகிவிட்டது, தெரிகிறது. மணியடிப்பவர் மணியில் கை வைத்துவிட்டார். அவரும் நம் பெற்றோரில் ஒருவர்தான், பிள்ளை ஐந்தாம் வகுப்பு, சீட்டில் சம்மதம். இன்னும் ஒரே ஒரு நினைவூட்டல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் இறங்கினால் இந்த ஆண்டு முழுதும் நான் அச்சடித்த காகிதம் வீண்.

அறிவிப்பு எண் முப்பத்து நான்கு. இந்த ஆண்டின் கடைசி அறிவிப்பு, மூன்று வாரத்துக்கு முன் வந்தது. அதில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா? கண்ணாடிக்கடை ஐயா, எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. நீங்கள் விற்கும் கண்ணாடிக்கு அவசியமே இல்லாத எழுத்து. வெட்கப்பட வேண்டாம். அதைத் தட்டச்சு செய்தவனுக்கே தெரியாது. ஆமாம், எனக்கே தெரியாது. நிர்வாகத்திலிருந்து வரும் வரைவைப் பார்த்துப் பார்த்து என் விரல்கள் தாமாக அடிக்கும், நான் அந்த நேரத்தில் தொலைபேசியில் பேருந்துக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். இருநூற்றுப் பதினோரு பிரதி எடுத்தேன், மடித்தேன், அனுப்பினேன். நான்காம் வகுப்பில் என் மகனும் படிக்கிறான். அவன் கொண்டு வந்து நீட்டினான். கால் செருப்பை மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். படித்தேன், சம்மதம்.

நான்காம் நாள் அலுவலகச் சன்னலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். மூன்றாம் வகுப்பு. எட்டிப் பார்த்தால் நெற்றி மட்டும் தெரியும். சீட்டை மேலே தள்ளினாள். அதில் "சம்மதம்" என்ற சொல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே கோணல் கோணலாக ஏதோ நாலு வரி, அதற்கும் கீழே தாயின் பெயர், அதே கோணல் எழுத்தில்.

"யாரும்மா எழுதினது?" "நான்தான் சார்." "அம்மா கையெழுத்து?" "அம்மா கையில கட்டு போட்டிருக்கு சார். அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்." "அப்படியெல்லாம் எழுதக் கூடாது. அம்மாதான் போடணும்." அவள் போகவில்லை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சார்" என்றாள். நான் பார்க்கவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். செல்லாது என்று எழுதினேன், தேதி போட்டேன், கோப்பில் சேர்த்தேன். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய சம்மதத்தை ஏற்றுக்கொண்டவன் நான். இதை நிராகரித்தேன், ஏனென்றால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

நேற்று பிற்பகல் கோப்பை மூடுவதற்காகச் சீட்டுகளை எண்ணினேன். இருநூற்றுப் பத்து சம்மதம், ஒன்று செல்லாது. செல்லாததைக் கிழிப்பதற்கு முன் கண்ணில் பட்டது அந்த நாலு வரி. அப்படியே படிக்கிறேன், எழுத்துப் பிழையை என் குரல் திருத்திவிடும்: "வேண்டாம். அந்த ரூம்லதான் நான் படிக்கக் கத்துக்கிட்டேன். என் தம்பியும் அடுத்த வருசம் வருவான். அவனுக்கும் படிக்க வராது. எடுக்காதீங்க."

எந்த அறை? எதை எடுக்கிறார்கள்? ஒன்றும் புரியாமல் நான் முப்பத்து நான்காம் அறிவிப்பைத் தேடி எடுத்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக, நானே அடித்த அறிவிப்பைப் படித்தேன்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் நம் வாசிப்பு டீச்சர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கப் பழக்குகிறார். இந்த ஆண்டு பதினான்கு பிள்ளைகள். அதோ, ஆசிரியர்கள் வரிசையில் ஓரமாக, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அந்த வகுப்பு அடுத்த ஆண்டு இல்லை. அந்த அறை வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. என்ன பயன்? சிரிப்பதாக இருந்தால் இப்போது சிரியுங்கள். அறிவிப்புக் காகிதக் கட்டுகளை அடுக்கி வைக்க இடம் போதவில்லையாம். நீங்கள் படிக்காத அறிவிப்புகளை வைக்க, பிள்ளைகள் படிக்கக் கற்கும் அறை போகிறது. அதற்கு இருநூற்றுப் பத்து வீடுகள் சம்மதம் தந்திருக்கின்றன. டீச்சருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ஆசிரியர்களுக்குத் துண்டுச் சீட்டு கிடையாது.

இப்போது சிரிக்கவில்லையா? இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே.

அறிவிப்பின் கடைசி வரி இது. எழுத்து மூலம் ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும், பெற்றோரைக் கூட்டிப் பேசிய பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். ஆட்சேபம் சேர வேண்டிய கடைசி நேரம், ஆண்டு விழா நாள், மாலை ஐந்து மணி. ஆண்டு விழா இன்று. மணி நாலு நாற்பது. வந்த ஒரே ஆட்சேபத்தைச் செல்லாது என்று சிவப்பு மையில் கொன்றவன் உங்கள் முன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இந்த ஊரில் படித்தவர்கள் நிறைந்த இருநூற்றுப் பத்து வீடு. வக்கீல் வீடு உண்டு, வங்கிக்காரர் வீடு உண்டு, எழுத்தன் வீடு உண்டு. எந்த வீட்டில் அறிவிப்பு படிக்கப்பட்டது? படிக்கத் தெரியாத வீட்டில் படிக்கப்பட்டது. இன்று காலை அந்தச் சிறுமியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தாய் விடுதியொன்றின் சலவைக் கூடத்தில் துணி தேய்க்கிறார். நீராவி அடித்துக் கை வெந்து, கட்டோடு வீட்டில் இருந்தார். தன் பெயரை எழுதத் தெரியும், வேறொன்றும் தெரியாது. தெரியாததால் மகளிடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நமக்கு எல்லாம் தெரியும். ஆகையால் நாம் படிப்பதில்லை.

தலைமையாசிரியை அம்மா, நான் விதியை மீறவில்லை. தாய் தம் கையால் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதானே விதி? அவர் வந்திருக்கிறார். சலவைக் கூடத்துச் சீருடையோடு கதவோரம் நிற்கிறார். கை ஆறிவிட்டது. அம்மா, கொஞ்சம் மேடைக்கு வாங்க. வழி விடுங்கள், தந்தைமார்களே, வழி விடுங்கள். படி உயரம், பார்த்து.

இதோ சீட்டு. இதோ பேனா, இது நீல மை. இந்த இடத்தில் போடுங்கம்மா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அம்மா சொன்னதை நான் சொல்கிறேன். "மொதல்ல படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடுறேன்." நான் சொன்னேன், உங்க மகள் எழுதினதுதான், அதை நான் இப்பத்தான் படிச்சுக் காட்டினேன். "அது தெரியும். அந்த நோட்டீஸையும் முழுசாப் படிங்க. இவங்க யாரும் கேக்கலையே."

தாய்மார்களே, தந்தைமார்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. தலைவருக்கு நன்றி, இந்த மேடையிலிருந்து என்னை இன்னும் இறக்கிவிடாத தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி, வாசிப்பு டீச்சருக்கு நன்றி. என் பேச்சு முடிந்தது, அனைவருக்கும் வணக்கம். கையில் பேனா எடுத்தவர்கள் அதை மூடிப் பையில் வையுங்கள். கேட்டு முடித்த பிறகு எடுக்கலாம், இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.

படிக்கிறேன், அம்மா. "அறிவிப்பு எண் முப்பத்து நான்கு. அன்புள்ள பெற்றோருக்கு."