மேற்கட்டியை அவிழ்த்துப் பாருங்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி, மதிப்பிற்குரிய தெய்வநாயகி அம்மையார் அவர்களே! மின்சாரச் சிக்கனத்தை எங்கள் வாசல்தோறும் வந்து விளக்கிய கல்பாக்கத்துப் பொறியாளர், பெருமதிப்பிற்குரிய ஜானகிராமன் அவர்களே! கடையை அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சதுரங்கப்பட்டினத்துப் பெரியோர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து, முகம் காட்டாமல் காது கொடுக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வலைநூல் கடை பஷீருதீன் மகள் பட்டம் வாங்கியவள், அவள் பேசட்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். வகுப்பில்கூட எழுந்து நின்று பேசாதவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது. மேடையைக் கண்ட பயம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பயம் என்னை இந்த மேடையில் ஏற்றியதோ, அந்தப் பயத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இன்றைய கேள்வி என்ன? மர உத்திரத்தின்மேல் தளம் போட்ட பழைய மெத்தை வீட்டைச் செப்பனிட்டு, மின்விசிறி இல்லாமலேயே குளிரும்படி செய்வது தகுமா, தகாதா? பொறியாளர் அழகாகச் சொன்னார். மொட்டைமாடியில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசினால், பானைக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது. மின்வெட்டிலும் குழந்தை தூங்கும். மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நாளைக் காலை நம் தெருவில் மற்ற வீடுகளிலும் வேலை தொடங்குகிறது. பானைகள் வந்துவிட்டன. சுண்ணாம்பு நீற்றியாகிவிட்டது. எல்லாம் தயார்!

நம் கூரைகள் தயாரா?

இது மட்டுமே என் கேள்வி. இது மட்டுமே என் அச்சம்.

இந்தத் தெருவில் முதலில் பானை ஏறிய வீடு எங்கள் வீடு. என் தந்தைக்கு எதிலும் முதலாவதாக இருக்க ஆசை. பொறியாளர் வந்தபோது முதல் வேலையாக உத்திரங்களைத்தான் பார்க்கக் கேட்டார். அதை இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும். கூடத்தைப் பார்த்தார், கடை அறையைப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்தார். தட்டினார், குத்தினார், தலையசைத்தார். ஓர் அறை மட்டும் மிஞ்சியது. அது என் அண்ணன் முனீரின் அறை. உள்ளே அண்ணன் மனைவி சுராயா இருந்தார்.

"அது மருமக ரூம்பு சார். அதுவும் இதே பர்மா தேக்குதான். ஒரே தச்சன், ஒரே மரம். இன்னாத்துக்கு சந்தேகம்?" என்றார் என் தந்தை.

நாகரிகம் தெரிந்த மனிதர் பொறியாளர். வாசலோடு திரும்பிவிட்டார். கொத்தனார் துரை மேஸ்திரியும் திரும்பிவிட்டார். அந்நிய ஆண் பெண்ணறைக்குள் போகலாமா? போகக்கூடாது. சரி, உள்ளே இருந்த நாங்கள் பார்த்திருக்கலாமே? அங்கேதான் இன்னொரு வழக்கம் குறுக்கே நின்றது. புதுப்பெண் அறைக்கு உத்திரம் தெரியாமல் வெள்ளை மேற்கட்டி கட்டுகிறோம் அல்லவா? மணமக்கள் தலையில் காரைத் தூசி விழாமலிருக்கக் கட்டும் துணி அது. தலைப்பிள்ளை பிறந்த பிறகே அதை அவிழ்ப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். முன்னே அவிழ்த்தால் ஆகாது என்பார்கள்.

எண்ணிப் பாருங்கள்! பார்க்கத் தெரிந்தவர் அறைக்குள் நுழையவில்லை. அறைக்குள் வாழ்ந்தவர் கூரையைப் பார்க்கவில்லை. அந்தக் கூரையின் மேல் ஈரச் சுண்ணாம்பும் பானையும் ஏறிக்கொண்டிருந்தன. அதன் கீழே, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி படுத்திருந்தாள்.

பகல் உணவு நேரம். சுராயா சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"மாமி, மேல யாரோ நடந்துகினு கீறாங்க."

"கொத்தனாருதாம்மா. பயந்துக்காத, போய்ப் படு," என்றார் என் தாய்.

"கொத்தனாரு சாப்புடப் போயி நாழியாச்சே மாமி."

என் தாயின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தோம். துரை மேஸ்திரியும் ஆட்களும் வேப்பமரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். மாடியில் ஒருவரும் இல்லை. ஆனால் அறைக்குள் சத்தம் இருந்தது. சரசரவென்று, நிற்பதும் தொடர்வதுமாக, துணிமேல் ஏதோ நகர்கிற சத்தம். ஜின் என்று நினைத்தேன். ஆம், அறிவியல் படித்த பட்டதாரிதான், அப்படித்தான் நினைத்தேன். சிரியுங்கள்! நீங்கள் சிரிப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

மேற்கட்டியின் ஒரு மூலை, கட்டிலுக்கு நேர் மேலே, மூட்டைபோல் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அது அப்படி இல்லை. வழக்கத்தை மீறலாமா என்று என் தாய் ஒரு கணம் நின்றார். பிறகு, "அவளை வெளிய கூட்டிக்கினு போ," என்று என்னிடம் சொன்னார். நான் சுராயாவை வாசலில் விட்டுத் திரும்பியதும், ஸ்டூல்மேல் ஏறி அந்த மூலையின் முடிச்சை அவிழ்த்தார்.

கொட்டியது. மண்ணாய்க் கொட்டியது, மரத்தூளாய்க் கொட்டியது, வெள்ளைப் புழுக்களாய்க் கொட்டியது. கட்டில் மறைந்தது, தலையணை மறைந்தது. தூசி அடங்கியபோது அண்ணாந்து பார்த்தோம். உத்திரம் சுவருக்குள் போய் உட்கார வேண்டிய இடத்தில் மரமே இல்லை. கறையான் புற்றுதான் இருந்தது. எதன்மேல் நின்றது அந்தக் கூரை? எங்கள் நம்பிக்கையின் மேல் நின்றது!

சத்தம் கேட்டு ஓடிவந்த என் தந்தை நிலைப்படியில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி, சோற்றுக் கையோடு. "இன்னா பாய், இன்னா பேஜாரு?" என்கிறார், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூரை தொங்குகிறது, இரண்டு ஆண்கள் மரியாதைக்காக வெளியே நிற்கிறார்கள்!

என் தாய் சைதூன், இத்தனை ஆண்டுகளில் அந்நிய ஆணின் எதிரே குரல் உயர்த்தாதவர், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "உள்ள வாங்க மேஸ்திரி. வந்து பாருங்க. என் மருமக உசிரைவிட இந்த வாசப்படி பெருசில்ல."

மேஸ்திரி வந்தார். உளியை எடுத்து உத்திரத்தில் வைத்து அழுத்தினார். அல்வாவில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. அவர் முகம் வெளிறியது. "எல்லாரும் வெளிய போங்க. மேல ஒருத்தனும் கால் வெக்கக் கூடாது," என்றார். சாலையோர மரக்கடைக்கு ஓடிச் சவுக்குக் கம்பங்கள் வாங்கிவந்து முட்டுக் கொடுத்தார்கள். ஏணியில் நின்றபடியே கைக்கெட்டிய பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். சுராயா வேப்பமரத்தடியில் வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் நேத்தே இந்தச் சத்தத்தைக் கேட்டேன். புதுசா வந்தவ எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்," என்றார். அந்தச் சொல்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியது.

பின்வரிசையில் பெரியவர் ஒருவர் கேட்கிறார்: "அப்போ பானையே வேணாங்கிறியாம்மா?"

இல்லை ஐயா! திட்டம் நல்லது. உத்திரத்தை மாற்றிய பிறகு நாங்களும் அதே பானையைத்தான் ஏற்றினோம். அந்த அறை இன்று குளிர்ந்து கிடக்கிறது. ஆனால் தகுமா தகாதா என்று கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறோம்? மின்சாரம் எவ்வளவு மிஞ்சும், பணம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கிறோம். கூரை மிஞ்சுமா என்று முதலில் கேட்க வேண்டாமா? மரம் உறுதியா, பானையை ஏற்றுங்கள். மரம் பழுதா, மரத்தை மாற்றுங்கள். மாற்ற வசதி இல்லையா, வெட்கப்படாதீர்கள். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். அதற்குப் பாரம் குறைவு. வெக்கையில் ஒரு கோடை கழியும். இடிந்த கூரையின் கீழ் ஒரு நொடி கழியுமா?

முன்வரிசையில் ஞானம்பாள் அம்மா கை உயர்த்துகிறார். சொல்லுங்கள் அம்மா.

"எங்க வூட்ல மேற்கட்டி கீற்கட்டி ஒண்ணும் கிடையாது கண்ணு. பூஜை ரூம்புல பலகை அடிச்சு கீது. ஆணி அடிச்ச நாளா கழட்டல. எங்க மாமியாரு திட்டுவாங்கன்னு எவளும் தொடல."

கேட்டீர்களா? எங்கள் வீட்டில் துணி. அவர்கள் வீட்டில் பலகை. மறைத்தது எதுவானாலும் மறைந்திருப்பது ஒன்றே! ஐப்பசி மழை வருகிறது. பானையின் பாரத்தோடு மழையின் பாரமும் சேரும். அந்த அறைகளுக்குள் போகக்கூடியவர்கள் நீங்கள்தான் தாய்மார்களே. சத்தம் கேட்டால் சொல்லுங்கள். புதிதாக வந்தவள் சொன்னால் கேளுங்கள்.

திரை அசைகிறது. யாரோ எழுந்து போகிறார்கள். இன்னொருவரும் போகிறார். தலைவி அவர்களே, மணி அடிக்க வேண்டாம், அவர்களை உட்காரச் சொல்லவும் வேண்டாம்! போகட்டும். ஞானம்பாள் அம்மா, நீங்களுமா? செருப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஓடுங்கள். இருட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள். பெரியோர்களே, ஏணி பிடிக்க நீங்களும் கூடப் போங்கள்.

பேச்சின் நடுவே எழுந்து போகிற உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. காலியாகும் நாற்காலிகளைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்த பேச்சாளர் யாரும் இருக்க முடியாது. நலமாகப் போய் வாருங்கள், வணக்கம்.