நிறுவனத்துக்குப் போட்ட நாற்காலி

மலைக்கோட்டையின் நிழல் மெல்ல இறங்கி ஊரைத் தழுவுகின்ற இந்த மயக்கும் மாலை வேளையில், அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் ராயப்பராஜ் அவர்களே, பேகம்பூரின் பெரியவர்களே, ரெட்டியார்சத்திரத்திலிருந்து பூப்பறித்த கையோடு பேருந்தேறி வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் இனியவர்களே, என் வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் நாற்காலியே, அனைவருக்கும் இந்தப் பிரிஸ்கில்லாவின் அன்பு வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நாற்காலிக்கு வணக்கம் வைத்த முதல் பைத்தியம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அது யாருக்குப் போட்டது என்று பிறகு சொல்கிறேன். பூட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அங்கே ஒருவர் கை காட்டுகிறார். திண்டுக்கல் மேடையில் பூட்டைப் பேசாமல் இறங்கியவர் இல்லை. இன்று நான் இறங்கிக் காட்டுகிறேன் ஐயா.

முதல் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி என்னை முறைக்கிறாளே, அவள்தான் நர்கீஸ். தன் வீட்டு மாடியறையில் பெண்பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தவள். அடுத்த தெருவுக்குக்கூட அனுப்பாத வீடுகள், நர்கீஸ் வீட்டுக்கு என்றால் அனுப்பின. அவள் வைத்திருந்த மென்பொருள் எல்லாம், நம்மில் பலரும் வைத்திருந்ததைப் போலவே, எவரோ திருட்டுத்தனமாக நகலெடுத்தது. அது தெரியவந்த அன்றைக்கே அத்தனையையும் அழித்துவிட்டாள். ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"திருடுன சாமான வச்சுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு வாய் வரலக்கா" என்றாள். மாடியறை பூட்டிக் கிடந்தது. கணினிகள் துணி போர்த்தித் தூங்கின.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கடல் கடந்த ஒரு பெரிய நிறுவனம், மென்பொருள் விற்றுப் பிழைக்கும் நிறுவனம், எழுதவும் கணக்குப் போடவும் தான் வைத்திருந்த மென்பொருளின் மூலநிரலை, அதாவது அந்தச் சமையல் நடக்கும் அடுப்படியையே, எல்லாருக்கும் திறந்துவிட்டது. கூடவே ஓர் உரிமத்தையும் வைத்தது. என்ன சொன்னது அந்த உரிமம்? எடுத்துக்கொள் என்றது. மாற்றிக்கொள் என்றது. மற்றவருக்கும் கொடு என்றது. மாற்றிக் கொடுத்தால், மாற்றியதையும் மறைக்காமல் கொடு என்றது. அம்புட்டுத்தான்.

"சும்மாவா குடுப்பான்?" என்று ஓர் அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி அண்ணே. ஊரெல்லாம் பழகினால் அவர்கள் பெயர் பரவும், போட்டிக்காரர் பிடி தளரும். ஆதாயம் இருக்கட்டுமே. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாதபடி எழுதியல்லவா கொடுத்திருக்கிறார்கள்.

நானும் நர்கீஸும் அதன் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினோம். கோப்பு என்று எழுதினோம், திரையில் கோப்பு என்று பூத்தது. சேமி என்று எழுதினோம், சேமி என்று சிரித்தது. அந்த மாலைகளை என்னவென்று சொல்வேன்? சிறுமலைக் காற்று சன்னலில் வந்து நிற்கும். எதிரே வெளிச்சத்தில் நம் எழுத்து மிதக்கும். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நிரல், பேகம்பூர் மாடியில் தமிழ் பேசியது. அவர் யார்? ஆணா, பெண்ணா? அந்நேரம் உறங்கினாரா, உலவினாரா? தம் நிரலுக்குள் நம் தமிழ் குடிவந்தது அவருக்குக் கனவிலாவது தெரிந்திருக்குமா? நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்ட நாட்கள் அவை.

வேலை முடிந்தது. ஆனால் அறை திறக்கவில்லை. மென்பொருளின் உரிமையாளர் சரி என்று சொல்லட்டும் என்கிறாள் நர்கீஸ். உரிமத்தில்தான் எழுதியிருக்கிறதே என்றேன். "அது ஊருக்குச் சொன்னதுக்கா. எனக்குன்னு யாரும் சொல்லலையே" என்றாள். ஒருமுறை சூடுபட்டவள் அல்லவா? நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல இந்த விழாவுக்கும் அழைத்தாள். அதற்கும் பதில் இல்லை. வந்தால் உட்கார வேண்டுமே என்று இந்த நாற்காலியையும் போடச் சொன்னாள். இங்கே நீங்கள் யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளிடம் படித்த ஆரிபாவின் வீட்டில், இந்த மாதமும் அறை திறக்காவிட்டால் கணினிப் பேச்சே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நர்கீஸ், ஊரறிய ஒன்று கேட்கிறேன். நோன்பு மாதத்தில் உங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். கழுத்தில் சிலுவை போட்ட நான் தூக்குவாளியோடு வந்து, தெருமுனையில் தயங்கி நின்றேன். யார் கொடுத்த அரிசியோ, நான் வாங்கலாமோ என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "காய்ச்சுறப்பவே எல்லாருக்கும்னுதான் காய்ச்சுறாங்க, வாளியக் குடுங்கக்கா" என்றாய். நினைவிருக்கிறதா?

அந்த உரிமத்தையும் எழுதும்போதே எல்லாருக்கும் என்றுதானே எழுதினார்கள்? எல்லாருக்கும் என்பதில் பேகம்பூர் இல்லையா? ஆரிபா இல்லையா? நீ இல்லையா? நாளை நம் தமிழ்ச் சொற்களைக் கீரனூரில் ஒருத்தி எடுக்கட்டும், கடலுக்கு அப்பால் ஒருத்தி எடுக்கட்டும். அவர்கள் நம் பதிலுக்காக மாதக்கணக்கில் வாசலில் நின்றால் உனக்குப் பொறுக்குமா? எனக்குப் பொறுக்காது தாயே.

எழுந்துவிட்டாள். வழிவிடுங்கள், செத்த நேரம் கைதட்டாமல் இருங்கள். ஒலிவாங்கி வேண்டாம் என்கிறாள், அழுகிறாள். அவள் சொன்னது பின்னால் கேட்கவில்லையா? நான் சொல்கிறேன்.

"ஆரிபா, நாளைக்கு வந்துரு" என்கிறாள்.

பொறுமையோடு கேட்ட பொன்மனங்களுக்கு என் நன்றி. தலைவர் அவர்களே, இந்த நாற்காலியைக் கீழே இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆரிபாவின் அம்மா அப்போதிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். உட்காருங்கள் அம்மா. உங்களுக்கும் எல்லாருக்கும் என் வணக்கம்.