ஐவரியா, பிஸ்கட்டா?

சரோஜம்: இஞ்ச வந்து நின்னு பாருங்க. செவரில இடது பக்கம் ஐவரி கலரு, வலது பக்கம் பிஸ்கட்டு கலரு.

கனகதாஸ்: ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு.

சரோஜம்: கண்ணாடி போடாம பாத்தா அப்படித்தான் இருக்கும். பெயிண்டர் அஜேஷு இப்ப வந்திருவான். ஒண்ணு சொல்லுங்க.

கனகதாஸ்: பிஸ்கட்டு. ஐவரியில அழுக்கு தெரியும்.

சரோஜம்: சபை கன்வென்ஷனுக்கு வாற பிரசங்கியாருக்குன்னு சொல்லித்தானே இந்த ரூமைத் திறந்தீங்க? அவரு செவத்தில கையைத் தேய்ப்பாரா?

கனகதாஸ்: அப்படீன்னா மேல ஐவரி அடிக்கட்டும். கீழ, முட்டளவுக்கு மட்டும் பிஸ்கட்டு. கழுவுற பெயிண்டு.

சரோஜம்: முட்டளவுக்கா? பிரசங்கியாரு என்ன, தவழ்ந்தா வருவாரு?

கனகதாஸ்: ...நீ மட்டும் என்னவாம்? நேத்து பகலெல்லாம் பிஸ்கட்டுதான் கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்ன ஆளு நீயாக்கும். பொறவு செவரைப் போட்டோ எடுத்து ஆருக்கோ அனுப்பினே, இப்ப ஐவரிங்கிற...

சரோஜம்: அது... பெண்கள் ஐக்கிய குரூப்புக்கு...

கனகதாஸ்: எடி, இது நம்ம மக ஜிஜாக்க ரூமு.

சரோஜம்: அவ பேரு வாயில வந்திற்றே! ஸ்ரீஜித்தைக் கெட்டிக்கிட்டுப் போன அண்ணைக்கு, 'இனி இந்தப் படி மிதிக்காதே'ன்னு சொன்ன வாயி.

கனகதாஸ்: சொன்னேன்... ரெண்டு வருஷமாச்சு.

சரோஜம்: ஆமா, அவளுக்குத்தான் அனுப்பினேன். உங்களுக்குத் தெரியாம வாரத்துக்கு ஒருக்கா பேசவும் செய்வேன். ஏசணும்னா ஏசுங்க. நம்ம மகளுக்கு ஒரு கொச்சு மோன் உண்டு, நமக்குப் பேரன்...

கனகதாஸ்: செவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கான்.

சரோஜம்: ...என்ன சொன்னீங்க?

கனகதாஸ்: கைபட்டு அவங்க வீட்டு வெள்ளைச் செவரெல்லாம் ஒரே கறுப்பு. முட்டளவுக்கு.

சரோஜம்: கண்டீங்களா? எப்போ?

கனகதாஸ்: ரப்பர் ஷீட்டு கொடுக்க ஆரியங்கோடு போறப்போ எல்லாம்... ரோட்டில நின்னாலே தெரியும்.

சரோஜம்: பாவி மனுஷா! வீட்டுக்குள்ள கேறிப் போயிருக்கக் கூடாதா?

கனகதாஸ்: எந்த மொகத்தோட கேற?

சரோஜம்: 'வீட்டுக்கு வா மக்கா'ன்னு நான் எத்தனை தடவை விளிச்சேன் தெரியுமா? 'அப்பா விளிச்சா வாறேன்'ங்கிற ஒரே பேச்சு அவளுக்கு. நம்பரு சொல்லட்டா?

கனகதாஸ்: வேண்டாம். மனப்பாடமாக்கும். தெனமும் ஒம்பது நம்பரு வரை அமுக்குவேன். அந்தப் பத்தாவதுக்கு மட்டும் விரலு வராது... அதை நீ அமுக்கித் தா.