கரியிழைக்கு நிக்கல் உடுத்திய பேராசிரியர் அறிவுச்செல்விக்கு

கரியிழைக்கு வெள்ளொளி உடுத்திய கைகளே! சீறாமல் சிந்தித்து, சோராமல் சோதித்த செம்மையே! வேதியியல் துறையின் விளக்கே, பேராசிரியர் அறிவுச்செல்வி அம்மையீர்! தங்கள் பணிக்காலம் முழுவதையும் ஒரு மடலில் அடக்க முயன்று தோற்றோம். ஆகவே ஒரு பிற்பகலை மட்டும் இந்த அவைக்குச் சொல்கிறோம்.

தலைமுடியினும் மெல்லிய கார்பன் இழை, எஃகையும் விஞ்சும் வலிமை கொண்டது. ஆனால் உலோகத்தளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு நிக்கல் போர்த்தி இரு குணங்களையும் ஒன்றாக்குவதே அம்மையாரின் கனவு. மின்சாரம் பாய்ச்சாமல், சூடான நிக்கல் கரைசலில் ஊறவைத்தே பூசும் முறை அது. பூச்சு தடித்தால், வளைத்ததும் இழை ஒடிந்தது. சீக்கிரம் எடுத்தால் திட்டுத்திட்டாய் விட்டுப்போனது. இழை தந்துவந்த ஆலையும் கைவிரித்துவிட்டது. மிஞ்சியது ஒரே கற்றை. அதுவும் வீணானால் ஆய்வாளர் ஆரிபாவின் முனைவர் பட்டமும் போயிற்று.

அக்கற்றை கரைசலில் கிடந்தபோது சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் போயிற்று.

"ஹீட்டர் நின்னுருச்சு மேடம், சூடு எறங்குது. வெளிய எடுத்துறவா?" என்று பதறினார் இயற்பியல் துறை அப்துல் ஜப்பார்.

"மின்சாரமில்லாப் பூச்சுன்னு பேரு வச்சுட்டு, கரண்ட் போனதுக்கு அழுகுறோமே!" என்றார் ஆரிபா, அழுகையும் சிரிப்புமாக.

அம்மையார் குடுவையையே பார்த்து நின்றார். இழையிலிருந்து சிறு குமிழிகள் மெல்ல மெல்ல எழுந்தன. மலைச்சரிவில் மேகம் இறங்குவதுபோல் கருமைமேல் வெண்மை படர்ந்தது.

"செத்த நேரம் இருங்க சார். இன்னும் குமிழி வருதுல்ல? பூச்சு ஏறுதுன்னு அர்த்தம். அதுபாட்டுக்கு ஊறட்டும்."

கடைசிக் குமிழி உடையும்வரை அவர் அசையவில்லை.

மறுநாள் சோதித்தோம். மெதுவாய்ப் படிந்த பூச்சு மெலிதாகவும் இடைவெளியின்றியும் இருந்தது. மின்சாரம் தாராளமாய் ஓடியது. விரலில் சுற்றியும் இழை ஒடியவில்லை. ஆரிபா அவர் தோளில் சாய்ந்து அழுதார். அம்மையாரோ அந்த இழையின் நினைவிலேயே பேருந்தேறி, தம் ஊரையும் தாண்டிப் போய்விட்டார்.

"வத்தலக்குண்டே வந்துருச்சும்மா, எறங்கலையா?" என்று நடத்துநர் கேட்டபோதுதான் விழித்தவர், "அம்புட்டு தூரமா வந்துட்டேன்!" என்று சிரித்தாராம்.

அம்மையீர்! நாளை முதல் தங்களை மணியடித்து அழைக்க எந்த வகுப்பும் இல்லை. நல்ல பசியும் நல்லுறக்கமும் பக்கத்துணையாக, கண்ணும் காலும் களைப்பறியாமல் பல்லாண்டு வாழ்க! இறங்கும் இடம் எதுவென்று எண்ணாமல், மனம் போகுமட்டும் போய் வருக!

பிரிய மனமின்றி,
வேதியியல், இயற்பியல் துறையினர்,
திண்டுக்கல்.